முதலில் ஓடி வருகிறவர்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். விபத்து நடந்த இடத்துக்கு எங்கள் ஊர்தி வந்து சேருவதற்கு முன்பே, உடுத்திய வேட்டியோடு ஓடி வந்து கைகொடுக்கிற ஊர்க்காரர்களின் பாதுகாப்பைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நம் குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே ஒரு வளைவில், பொழுது விடியும் முன்னே ஒரு காரும் லாரியும் மோதிக்கொண்டன. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. நசுங்கிய கதவை வெட்டி, உள்ளே சிக்கியிருந்த ஓட்டுநரை நாங்கள் வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், யாரும் கேட்காமலே வளைவுக்கு அப்பால் போய் நின்று, தலையில் மாட்டியிருந்த விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்து அசைத்தபடி, வருகிற வண்டிகளை எல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தார். அன்று நாங்கள் அனைவரும் நல்லபடியாக நிலையத்துக்குத் திரும்பியதற்கு அந்த விளக்கும் ஒரு காரணம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் எல்லாம் முடிந்து அவர் சாலையோரமாகத் திரும்பி நடக்கையில், ஒரு சிறிய சரக்கு வண்டி அவரை இடித்துத் தள்ளிவிட்டது. கால் எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியாமல் இருந்தார். எங்களில் ஒருவருக்கு அது நேர்ந்திருந்தால் விடுப்பும் மருத்துவச் செலவும் கிடைத்திருக்கும். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத அவருக்கு, நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்த தொகைதான் கிடைத்தது.

விபத்து நடந்த இடத்தில் இரண்டாவது விபத்து ஏன் நடக்கிறது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். முன்னால் இருப்பதைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி ஆகிவிடும். பிறகு, காய்ந்த சாலையிலேயே ஏறக்குறைய 35 மீட்டர் ஓடித்தான் வண்டி நிற்கும். ஈரச் சாலை என்றால் 60 மீட்டரும் ஆகலாம். ஆகவே கூட்டத்துக்குப் பத்தடி பின்னால் நின்று கையைக் காட்டுவதால் பயன் இல்லை. குறைந்தது நூறு மீட்டருக்கு முன்பே, வளைவாக இருந்தால் வளைவு தொடங்கும் முன்பே, எச்சரிக்கை தெரிந்தாக வேண்டும். காயம்பட்டவரை நோக்கி எல்லோரும் ஓடுவது மனித இயல்பு. அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் ஓடிப்போய்ச் சாலையைக் காக்க வேண்டும் என்று நான் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறேன்.

பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னால் மரக்கிளையும் கல்லும் வைப்பது நம் ஓட்டுநர்களின் பழக்கம். கிளை நல்லதுதான்; ஆனால் வண்டி போன பிறகும் சாலையிலேயே கிடக்கிற கல், இருட்டில் இருசக்கர வண்டியில் வருகிறவருக்கு எமனாகிவிடுகிறது. மேலை நாடுகளில் தீயணைப்பு ஊர்தியையே சாலையில் சற்றுக் குறுக்காக நிறுத்தி, அதன் மறைவில் வேலை செய்கிறார்கள். பின்னால் யாராவது வந்து மோதினாலும் ஊர்தி வீரர்கள் பக்கம் பாயாதபடி முன் சக்கரங்களைத் திருப்பி வைக்கிறார்கள். நம் ஊர்களில் சாலை அடைபட்டால் ஐந்து நிமிடத்துக்குள் ஒலிப்பான்கள் அலறத் தொடங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு உங்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்கிலிருந்து காக்கும் பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததுதான். ஆனால் நம்மிடையே பேச்செல்லாம் ஓடுகிற ஊர்திக்கு வழிவிடுவது பற்றித்தான். நின்றுவிட்ட ஊர்தியைச் சுற்றி வேலை செய்பவர்களை நாம் நினைப்பதே இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சாலையோரத்தில் பணியில் இருந்த மருத்துவ உதவியாளர் ஒருவரை வாகனம் மோதியதைத் தொடர்ந்து, 1996இல் ஒரு சட்டம் பிறந்தது. விளக்கு எரிய நிற்கும் அவசர ஊர்தியைக் கண்டால் விலகி அடுத்த தடத்துக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று அந்த நாட்டின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் இருக்கிறது. அங்கே தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கும் இந்தத் தொண்டு புதிதன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும், 2017இல் ஒக்கிப் புயலிலும், 2021ஆம் ஆண்டு வெள்ளத்திலும் முதலில் இறங்கியவர்கள் பக்கத்து வீட்டாரும் கடற்கரை ஊர்களின் மீனவர்களும்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இந்த மாவட்டத்தில், ரப்பர் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே வீடுகள் சிதறிக் கிடக்கின்றன; பல வீடுகளுக்குப் பெரிய ஊர்தி நுழைய வழியே கிடையாது. அங்கெல்லாம் முதல் பத்து நிமிடம் ஊர்க்காரர் கையில்தான் இருக்கிறது. பேரிடரில் உதவுகிறவர்களுக்கான ஒன்றிய அரசின் ஆப்தா மித்ரா திட்டத்தில் தன்னார்வலருக்கு 12 நாள் பயிற்சி தருகிறார்கள். அத்தகைய பயிற்சி நம் ஊராட்சி ஒவ்வொன்றிலும் பத்துப் பேருக்காவது கிடைக்க வேண்டும். பயிற்சியோடு காப்பீடும், ஒளிரும் மேலங்கியும், எச்சரிக்கைக்காகச் சாலையில் வைக்கும் மடக்குக் கூம்புகளும், கைவிளக்கும் கிடைக்க வேண்டும். அந்த மேலங்கியின் பளிச்சென்ற மஞ்சள் துணி பகலில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். அதில் தைத்திருக்கும் வெள்ளிப்பட்டை இரவில் முகப்பு விளக்கின் ஒளியை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். கறுப்புச் சட்டையோடு மழையிருட்டில் சாலையில் நிற்பவர் யார் கண்ணிலும் படமாட்டார்.

இங்கே தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்தி வழக்கமாகச் சுமந்து வருவது 4,500 லிட்டர். முழு வீச்சில் அடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன் பிறகு குளத்தைத்தான் தேட வேண்டும். ஊர்தியின் பம்பு ஏழு மீட்டர் ஆழம் வரைதான் நன்றாக உறிஞ்சும் என்பதால், ஆழக் கிணறுகள் உதவுவதில்லை. நம் மாவட்டத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும், கரைவரை ஊர்தி போகப் பாதை இருக்கிற குளங்களும், பாசி மண்டிக் குழாயை அடைக்காத குளங்களும் குறைவு.

நவம்பர் 1, குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள். உள்ளாட்சி தினமான அன்று கிராம சபையும் கூடுகிறது. உங்கள் ஊரில் ஓடி வரக்கூடிய பத்துப் பேரின் பெயரை அந்தச் சபையில் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கான மேலங்கிக்கும் கூம்புக்கும் காப்பீட்டுக்கும், ஊரின் ஒரு குளத்துக்காவது ஊர்தி போகும் பாதைக்கும் தீர்மானம் கொண்டு வாருங்கள். தீர்மானத்தின் ஒரு படியை உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள். பயிற்சிக்கு நாள் குறிக்க அவர்கள் முன்வருவார்கள். என்னை அழைத்தால் நானும் வருகிறேன்.