தோண்டாமல் சாக்கடையைச் சரிசெய்வது

நேயர்களுக்கு வணக்கம். நடுச்சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்தால் எல்லோரும் சாலை போட்டவரைத் திட்டுவார்கள். பல நேரம் குற்றவாளி அதற்கும் கீழே இருக்கிறார். பழைய சாக்கடைக் குழாயின் இணைப்புகள் விட்டுப்போனால் நிலத்தடி நீர் உள்ளே கசியும், கூடவே மண்ணையும் இழுத்துவரும். மண் கரையக் கரைய, மேலே தார் மட்டும் அந்தரத்தில் நிற்கும். கான்கிரீட் குழாய் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, குழாயின் மேற்புறத்தில் வாழும் பாக்டீரியாவால் கந்தக அமிலமாகி, கூரையை அரித்துவிடும்.

நெரிசலான சாலையை வாரக்கணக்கில் தோண்டிப்போட முடியுமா? 1971இல் லண்டனில் எரிக் வுட் என்பவர் வேறு வழி கண்டார். ரெசினில், அதாவது பிறகு இறுகிக் கெட்டியாகும் பிசினில், ஊறிய ஃபெல்ட் துணிக்குழாயை மேன்ஹோல் வழியாக இறக்கி, தண்ணீர் அழுத்தத்தால் உள்ளே தள்ளுவார்கள். காலுறையைத் திருப்புவதுபோல் அது உள்புறம் வெளியாகப் புரண்டுகொண்டே போய்ப் பழைய சுவரில் ஒட்டும். வெந்நீர், நீராவி அல்லது புற ஊதா ஒளி பட்டதும் இறுகி, பழைய குழாய்க்குள் புது உறையாகிவிடும். உட்புறம் கொஞ்சம் குறுகும், ஆனால் வழவழப்பு கூடுவதால் ஓட்டம் பெரும்பாலும் குறையாது.

சரி, சிக்கல் எங்கே? வீட்டு இணைப்புகளில்தான். புது உறை எல்லா வாய்களையும் மூடிவிடும். அப்புறம் ஒரு ரோபோ கருவி உள்ளே போய், கேமராவைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக வெட்டித் திறக்க வேண்டும். உறை போடும் முன்பே, மேன்ஹோலிலிருந்து எத்தனை மீட்டர், குழாயின் வட்டத்தைக் கடிகாரமாக நினைத்தால் இரண்டு மணிப் பக்கமா பத்து மணிப் பக்கமா என்று ஒவ்வொரு வாயையும் குறித்திருக்க வேண்டும். குறிப்பு பிசகினால் நல்ல உறையில் ஓட்டை விழும், அந்த வீட்டுக் கழிவறையோ பொங்கும். ஆகவே ஒப்பந்தக்காரரிடம் நான் முதலில் கேட்பது உறையின் தடிமனை அல்ல, கேமரா பதிவைத்தான். பதிவில் குழாய் தாழ்ந்தோ முற்றிலும் இடிந்தோ தெரிந்தால் தோண்டத்தான் வேண்டும். உறை, பழைய குழாயின் வளைவை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

உங்கள் தெருவில் இந்த வேலை நடக்கும்போது, இணைப்பைத் திறக்கும்வரை தண்ணீரைக் குறைத்துச் செலவழியுங்கள். பயன்படுத்தாத குளியலறை ட்ராப்பில், அதாவது நாற்றம் ஏறாமல் தண்ணீர் தேங்கிநிற்கும் வடிகால் வளைவில், ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவையுங்கள். ரெசினில் பெரும்பாலும் ஸ்டைரின் என்ற நெடியுள்ள ரசாயனம் இருக்கும், அந்த நெடி வறண்ட ட்ராப் வழியாக வீட்டுக்குள் ஏறிவிடும். அப்படியும் நெடி வந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், வேலை செய்பவர்களிடம் உடனே சொல்லுங்கள்.