பரம்பில் கிடக்கும் ஓடு யாருடையது?

[காட்சி: ஆதிச்சநல்லூர் பரம்பு, காலை வெயில். சரளை மண்ணில் சிதறிக் கிடக்கும் பானை ஓடுகள்.]

வணக்கம். திருநெல்வேலியில் திருச்செந்தூர் பஸ் ஏறி, செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டினால் ரோட்டை ஒட்டி ஒரு மேடு வரும். அதுதான் ஆதிச்சநல்லூர் பரம்பு. 114 ஏக்கர். உள்ளே முழுக்க முதுமக்கள் தாழிகள்.

எம்.ஏ. படிக்கும்போது முதல் தடவை இங்கே வந்தேன். காலடியில் ஒரு ஓடு கிடந்தது. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்கள்: "யய்யா, அத அங்கனயே போட்டுரு. அது செத்தவுக சாமான்."

போட்டுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி மனதில் தங்கிவிட்டது. செத்தவர்களுடையது, சரி. இன்றைக்கு அது யாருடையது? ஊருக்கா, மாநிலத்துக்கா, டெல்லிக்கா? இந்தக் கேள்விக்குப் பதில் தொல்லியல் புத்தகத்தில் இல்லை. அரசியல் சாசனத்தில் இருக்கிறது. தொல்லியல் படிக்கும் பிள்ளைகளும் சட்டம் படிக்கும் பிள்ளைகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்யவேண்டிய ஆய்வு நம் தாமிரபரணிக் கரையில் கிடக்கிறது என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

[காட்சி: பழைய வரைபடம். பெர்லின், சென்னை எழும்பூர், ஆதிச்சநல்லூர் மூன்றையும் இணைக்கும் கோடு.]

முதலில், இங்கிருந்து என்னென்ன எங்கே போனது என்று பார்ப்போம். 1876-இல் ஜெர்மனிக்காரர் ஜாகோர் இங்கே தோண்டினார். கிடைத்த பொருட்கள் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயின. அடுத்து பிரிட்டிஷ் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ. 1899-இல் தொடங்கி 1900-களின் முதல் சில வருஷங்கள் வரை தோண்டினார். வெண்கலப் பொருட்கள், இரும்பு ஆயுதங்கள், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள் எல்லாம் வந்தன. அவர் தொகுத்த பட்டியல் 1915-இல் அச்சானது. பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்த வருஷங்களோடு சட்டங்களின் வருஷங்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். இந்தியப் புதையல் சட்டம் வந்தது 1878-இல். ஜாகோர் மூட்டை கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மண்ணுக்குள் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதையும் அந்தச் சட்டம் புதையல் என்று பார்த்தது. மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கண்டெடுத்தவர் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். சொந்தம் கொண்டாட யாரும் வராவிட்டால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. கவனியுங்கள், அங்கே பேச்சு முழுக்க ரூபாய் மதிப்பைப் பற்றித்தான். ஒரு தாழிக்குள் இருக்கும் உமிக்கு ரூபாயில் என்ன மதிப்பு? ஒன்றுமில்லை. ஆனால் தாமிரபரணியின் மறுகரையில் உள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமிதான் கி.மு. 1155 என்ற காலக்கணிப்பைக் கொடுத்தது. 2021-இல் சட்டமன்றத்திலேயே அதை அறிவித்தார்கள். பழைய புதையல் சட்டத்தின் கண்ணுக்கு அந்த உமி தெரியவே தெரியாது. தொல்சின்னங்களைக் காக்க ஒரு சட்டம் 1904-இல்தான் வந்தது.

பெர்லினில் இருப்பதைத் திரும்பக் கேட்க முடியுமா என்று பலரும் கேட்கிறீர்கள். பண்பாட்டுப் பொருட்கள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் உருவானது; இந்தியா 1977-இல் ஏற்றது. அது பின்னோக்கிப் பாய்வதில்லை. அப்படியானால் 1876-இல் போனதற்கு எந்த வழி? பேச்சுவார்த்தையா, கடனாக வாங்கிக் காட்சிக்கு வைப்பதா? ஒரு எல்.எல்.எம். மாணவர் இதையே முழு ஆய்வேடாக எழுதலாம். யாராவது எழுத வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

[காட்சி: அரசியல் சாசனத்தின் 7-ஆவது அட்டவணைப் பக்கம், பெரிதாக.]

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

அதிகாரத்தை நம் சாசனம் மூன்று பட்டியலாகப் பிரிக்கிறது: ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல். தொல்லியல் எந்தப் பட்டியலில் என்று கேட்டால், மூன்றிலும் இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் உடையது என்று நாடாளுமன்றச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பழஞ்சின்னங்கள், ஆவணங்கள், தொல்லியல் இடங்கள் எல்லாம் ஒன்றியப் பட்டியலின் 67-ஆவது பதிவு. அப்படி அறிவிக்கப்படாத பழஞ்சின்னங்களும் ஆவணங்களும் மாநிலப் பட்டியலின் 12-ஆவது பதிவு. அறிவிக்கப்படாத தொல்லியல் இடங்களும் அங்கே எஞ்சிக் கிடப்பவையும் பொதுப்பட்டியலின் 40-ஆவது பதிவு.

கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிற மண்டபம் மாநிலத்துக்கு. மண்ணுக்குள் கிடக்கிற மேடு இரண்டு பேருக்கும். டெல்லி அறிவித்துவிட்டால் இரண்டுமே டெல்லிக்கு. ஏன் நிற்பதையும் புதைந்ததையும் வேறு வேறு பட்டியலில் வைத்தார்கள்? ஒரு இடிந்த கோயிலில் பாதி நிற்கிறது, பாதி புதைந்திருக்கிறது என்றால் எந்தப் பதிவு? இந்த மாதிரிக் கேள்விதான் நல்ல ஆய்வைத் தொடங்கி வைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், பலரும் தாண்டிப் போய்விடுவது. சாசனம் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பதிவுகளில் "நாடாளுமன்றம் சட்டத்தால் அறிவித்தவை" என்ற பொருளில்தான் இருந்தது. 1956-இல் வந்த 7-ஆவது திருத்தம் அதை "நாடாளுமன்றச் சட்டத்தாலோ அதன் கீழோ அறிவிக்கப்பட்டவை" என்று மாற்றியது. அதன் பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் நாடாளுமன்றம் கூடிச் சட்டம் போட வேண்டியதில்லை. அரசிதழில் ஒரு அறிவிப்பு போதும். "அதன் கீழோ" என்ற ஒரு சொல்லில் எவ்வளவு அதிகாரம் கைமாறியிருக்கிறது பாருங்கள்.

[காட்சி: ஆதிச்சநல்லூர் கம்பிவேலி, அடுத்து சிவகளைப் பரம்பு.]

நம் மண்ணில் இது எப்படி வேலை செய்கிறது? ஆதிச்சநல்லூர் ஒன்றியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2004-இல் இங்கே மறுபடி தோண்டியது அந்தத் துறைதான். நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட தாழிகள் வந்தன. 2020 ஒன்றிய பட்ஜெட்டில் அருங்காட்சியகத்தோடு வளர்க்கப்படும் ஐந்து தொல்லியல் இடங்களில் ஒன்றாக இதை அறிவித்தார்கள்; 2021-இல் மறுபடி தோண்டத் தொடங்கினார்கள். தாழிகளை அகழாய்வுக் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டு, நின்று பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். இடத்தை விட்டுப் பெயர்க்காமல் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆச்சி சொன்ன "அங்கனயே போட்டுரு" அதுதானே!

சிவகளை வேறு கதை. ஆற்றுக்கு அந்தப் பக்கம். தோண்டியது தமிழ்நாடு தொல்லியல் துறை. அப்படியென்றால் மாநிலம் தன் இஷ்டத்துக்குத் தோண்டலாமா? முடியாது. தொல்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் பற்றிய 1958-ஆம் வருஷ ஒன்றியச் சட்டத்தின் 24-ஆவது பிரிவைப் படியுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியாக இல்லாத இடத்தில்கூட, தொல்லியல் அகழாய்வு செய்ய மாநில அரசு ஒன்றிய அரசின் முன் அனுமதியை வாங்க வேண்டும். தமிழ்நாட்டுக்கென்று 1966-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் டெல்லியின் கையெழுத்து வேண்டும்.

சட்ட மாணவர்களே, இது உங்களுக்கு. பொதுப்பட்டியலில் உள்ள விஷயத்தில் ஒன்றியச் சட்டமும் மாநிலச் சட்டமும் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சாசனத்தின் 254-ஆவது உறுப்பு சொல்கிறது. அதை 24-ஆவது பிரிவோடு வைத்துப் படித்து, தாமிரபரணிக் கரையின் இரண்டு பரம்புகளை எடுத்துக்காட்டாக வைத்து எழுதிப் பாருங்கள். கூட்டாட்சி என்பது பாடப்புத்தகச் சொல்லாக இருக்காது. எந்தக் குழியை யார் தோண்டலாம், அறிக்கையை யார் எழுத வேண்டும் என்ற நேரடிக் கேள்வியாக மாறிவிடும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வேட்டுக்காக ஒரு இடத்தில் படம் எடுக்க அனுமதி கேட்டு ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. "இது எங்கள் வரம்பில் இல்லை" என்று ஒரே வரி. மூன்று பட்டியல் கதை அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் என்னிடம் கேட்கும் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்கிறேன்: இடத்துக்குப் போவதற்கு முன்னால், அது யாருடைய பாதுகாப்பில் இருக்கிறது என்று பட்டியலில் பாருங்கள்.

49-ஆவது உறுப்பையும் சொல்லிவிட வேண்டும். தேசிய முக்கியத்துவம் உடைய சின்னங்களையும் இடங்களையும் பொருட்களையும் காப்பது அரசின் கடமை என்கிறது. ஆனால் அது வழிகாட்டும் நெறிகளில் ஒன்று. 37-ஆவது உறுப்பின்படி அதை வைத்து நேராகக் கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது. இருந்தாலும் எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு ஆதிச்சநல்லூருக்காக மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தார், நீதிமன்றம் விசாரித்தது. கோர்ட்டில் வலியுறுத்த முடியாத கடமை எப்படிக் கோர்ட்டில் கேள்வியாகிறது? வழக்கின் உத்தரவுகளை வரிசையாக அடுக்கிப் படிப்பதே நல்ல மாணவர் ஆய்வு.

[காட்சி: மானூர் கோயில், கல்லில் வட்டெழுத்து.]

இதுவரை சட்டத்தைக் கொண்டு தொல்லியலைப் பார்த்தோம். இனி தொல்லியலுக்குள்ளேயே இருக்கிற ஒரு சட்டத்தைப் பார்ப்போம். அதற்குத் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் ரோட்டில் மானூருக்கு வாங்க.

இங்கே பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 1,200 வருஷப் பழசு. அன்றைக்கு இந்த ஊர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். ஊர்ச்சபை கூடி, தனக்குத் தானே விதி எழுதிக்கொண்டிருக்கிறது. சபையில் பேச யாருக்குத் தகுதி? ஊரில் நிலப் பங்கு இருக்க வேண்டும், நல்ல ஒழுக்கம் வேண்டும், மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதியும் ஒரு தரும நூலும் கற்றிருக்க வேண்டும். முழுப் பங்கு இல்லாதவர் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், ஏறக்கூடாது. எந்த விஷயம் வந்தாலும் "அன்று, அன்று" என்று சொல்லிக் கூட்டத்தை நடக்க விடாமல் செய்பவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும், ஒவ்வொரு விஷயத்துக்கும் ஐந்து காசு தண்டம்.

எல்லோருக்கும் தெரிந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921. மானூர் அதற்கு முந்தியது. இந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இதைக் கையில் எடுத்ததும் "அன்றைக்கே ஜனநாயகம்" என்று எழுதத் தோன்றும். தயவுசெய்து எழுதாதீர்கள். இந்தச் சபைக்குள் நுழைய நிலமும் வேதப் படிப்பும் வேண்டும். ஊரில் உழுதவர்கள், குயவர்கள், பெண்கள் யாருக்கும் அங்கே இடம் இல்லை. நம் சாசனத்தின் 326-ஆவது உறுப்பு, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்கிறது. மானூர்க் கல்லையும் 326-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிவது தொடர்ச்சி இல்லை, முறிவு. அந்த முறிவு எவ்வளவு பெரியது என்று அளக்க இந்தக் கல் நமக்கு வேண்டும்.

அதே சமயம் பழைய கேள்வி செத்துவிடவும் இல்லை. ஹரியானாவில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் படிப்புத் தகுதி வேண்டும் என்று 2015-இல் சட்டம் வந்தது. ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே வருஷம் டிசம்பரில் அதைச் செல்லும் என்றது. படிக்காதவர் ஊரை ஆளலாமா கூடாதா? மானூர்ச் சபை விவாதித்ததும் இதைத்தான். 73-ஆவது திருத்தம் தந்த பஞ்சாயத்துப் பகுதியை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்து ஒரு மாணவி ஆய்வு செய்தால், அதற்குக் கல்வெட்டியலும் வேண்டும், சட்டமும் வேண்டும். "அன்று, அன்று" என்பவருக்கு ஐந்து காசு தண்டம் போட்ட சபையையும், உறுப்பினர் பேச்சுக்கு 105-ஆவது உறுப்பில் பாதுகாப்புக் கொடுத்த நாடாளுமன்றத்தையும் ஒப்பிட்டு ஒரு அத்தியாயம் சேர்க்கலாம்.

[காட்சி: மாலை. கல்லின் மேல் சாய்வாக விழும் வெயில்.]

வேலையைத் தொடங்குபவர்களுக்குச் சில விஷயங்கள். பரம்பில் ஓட்டைத் தொடாதீர்கள்; பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஓடு கிடந்த இடம் போய்விட்டால் அதன் சாட்சியமும் போய்விடும். ரீயின் 1915 பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பூருக்கு ஒரு நடை போய்வாருங்கள். ரெட்டியார்பட்டி மலையில் உள்ள பொருநை அருங்காட்சியகத்தையும் பாருங்கள். சட்டப் பகுதிக்கு அரசிதழ் அறிவிப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு இடத்தை அறிவிக்கும் முன்பு ஒன்றிய அரசு இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் கேட்க வேண்டும். ஊர்க்காரர்கள் அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று தேடுங்கள்.

மானூருக்குப் போகிறவர்கள் நடுமதியத்தில் போகாதீர்கள். எழுத்து தெரியவில்லையே என்று சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள், கல் கெட்டுப்போகும். கல்லில் தாளை ஒட்டி மை தட்டி மைப்படி எடுப்பதை அனுமதியோடு, தெரிந்தவர்களை வைத்துத்தான் செய்ய வேண்டும். இருட்டான மூலை என்றால் ஒரு டார்ச்சைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், ஒவ்வொரு எழுத்தாக மேலே எழுந்து வரும்.