படிப்பு முடிந்தது, தகவலும் முடியட்டும்

(பெற்றோர் ஆசிரியர் மாநாடு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாநாட்டுத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கு நடுவில் வந்திருக்கும் கல்வி அதிகாரி அவர்களே, முன்வரிசையில் குறிப்பேடும் பேனாவுமாக அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, தலைமையாசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம். நீதிபதி ஐயாவை எதிரில் வைத்துக்கொண்டு சட்டம் பேசத் தனித் துணிச்சல் வேண்டும். எனக்கு முன் பேசிய அம்மையார் என் உரையில் பாதியைப் பேசிவிட்டார். நான் பேசியிருந்தால் அவ்வளவு அழகாக வந்திருக்காது, அதனால் நன்றி. ஒலிபெருக்கி அமைத்த தம்பிக்கும் நன்றி. கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

"நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது." என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பழமொழி அலுத்திருக்கும். எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. இன்றும் விடப்போவதில்லை.

மூன்று விஷயம் பேச வந்தேன். மாணவர் தகவலை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், கசிந்தால் யார் பொறுப்பு.

இந்தத் துறையில் மூத்த சட்டம் என்றால் அமெரிக்காவில் 1974இல் வந்த ஃபெர்பாவைச் சொல்வார்கள். பிள்ளையைப் பற்றிப் பள்ளி எழுதி வைத்திருப்பதைப் பெற்றோர் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குப் பொதுவாகக் கொடுக்கக் கூடாது. 18 வயதானதும் இந்த உரிமை பிள்ளைக்கே போய்விடும். ஆனால் ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறார்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை, பெற்றோர் மறுப்புத் தெரிவிக்காத வரை, பள்ளி வெளியே தரலாம். அந்த மறுப்புத் தாளை எத்தனை பேர் படித்திருப்பார்கள்!

இந்தச் சட்டத்தை நம்பி ஒரு தாய் உச்ச நீதிமன்றம் வரை போன கதை உண்டு. ஓக்லஹோமா மாநிலத்தில் ஒவாசோ என்று ஓர் ஊர். அங்கே பள்ளியில் இருந்தது நாம் எல்லோரும் பார்த்த வழக்கம்தான். தேர்வு முடிந்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கச் சொல்வார்கள். ஆசிரியர் விடை சொல்லச் சொல்ல, பக்கத்துப் பிள்ளை திருத்தும். அப்புறம் மதிப்பெண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இங்கே சிரிப்பவர்கள் எல்லாம் நிறைய வாங்கியவர்கள் என்று தெரிகிறது. குறைவாக வாங்கியவர்கள் சிரிக்க மாட்டார்கள். பெயரைக் கூப்பிட்டதற்கும் எண்ணைச் சொல்வதற்கும் நடுவில் வகுப்பே திரும்பிப் பார்க்குமே, அது அவர்களுக்கு மறக்காது. ஆசிரியரிடம் தனியாகச் சொல்லட்டுமே என்பீர்கள். எழுந்து போய்க் காதோடு காதாகச் சொல்கிறவன் எவ்வளவு வாங்கியிருப்பான் என்று வகுப்புக்குத் தெரியாதா?

இதை நிறுத்துங்கள் என்று அந்தத் தாய் கேட்டார். நிர்வாகம் மறுத்தது. வழக்குப் போட்டார். முதலில் தோற்றார், மேல்முறையீட்டில் வென்றார். 2002இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பக்கத்துப் பிள்ளையின் கையில் இருக்கும் தாள், அந்த நேரத்தில், பள்ளி பராமரிக்கும் ஆவணம் ஆகாதாம். நீதிபதி ஐயா தலையசைக்கிறார். சட்டத்தின் எழுத்துப்படி சரிதான். ஆவணத்துக்குக் காவல் இருக்கிறது, வகுப்பில் உரக்கச் சொன்ன எண்ணுக்கு இல்லை. சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று இதைத்தான் சொல்கிறேன். இன்று அந்த எண் வாட்ஸ்அப் குழுவில் படமாகவே சுற்றுகிறது.

எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? என் போராட்டமே இதுதான். பவர்ஸ்கூல் என்ற நிறுவனத்தின் மென்பொருளில் பல நாட்டுப் பள்ளிகள் மாணவர் விவரத்தை வைத்திருக்கின்றன. 2024 டிசம்பரில் அதை உடைத்துத் திருடினார்கள். டொராண்டோ பள்ளி வாரியத்தில் சிக்கிய பதிவுகள் 1985 வரை பின்னால் போயின. 1985இல் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளை இருக்கலாம்! நிறுவனம் பணயத் தொகையும் கொடுத்தது. அழித்துவிட்டோம் என்றார்கள் திருடர்கள். அடுத்த மே மாதம் அதே தகவலைக் காட்டிப் பள்ளி வாரியங்களை மிரட்டத் தொடங்கினார்கள். நெல் என்றால் அள்ளியிருக்கலாம்.

ஆகவே எங்கள் கோரிக்கை: பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு ஓர் அழிப்புச் சான்றிதழும் கொடுங்கள். மதிப்பெண் பதிவேட்டை யாரும் அழிக்கச் சொல்லவில்லை, அது வேண்டும். கைரேகை, முகப் படம், செயலிகளில் திறந்த கணக்கு, ஆலோசகரிடம் பிள்ளை அழுதுகொண்டே சொன்ன வீட்டு விஷயம், இவையெல்லாம் எதற்கு? யார் யாரிடம் கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் அழித்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இது பேராசை அல்ல. சிறு வயதில் கொடுத்த சம்மதத்தை நினைத்துப் பின்னால் அழிக்கக் கேட்கும் உரிமை ஐரோப்பியச் சட்டத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் நோக்கம் முடிந்தால் தகவலை அழிக்கச் சொல்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடரவும், குறிவைத்து விளம்பரம் காட்டவும் தடை விதிக்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள், கல்வி நடவடிக்கைக்கும் பாதுகாப்புக்கும் என்றால், கண்காணிப்புத் தடையிலிருந்து பள்ளிகளுக்கு விலக்குத் தருகின்றன. பள்ளி செய்வதில் எதைக் கல்வி நடவடிக்கை இல்லை என்பீர்கள்? அழிக்கும் கடமையோ அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் பொருந்தாது என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் அரசுப் பள்ளிப் பிள்ளையின் தகவல்? கல்வி அதிகாரி அவர்கள் இதை மேலிடத்தில் சொல்ல வேண்டும். சொல்வார் என்று நம்புகிறேன், குறித்துக்கொள்கிறார்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்க இதுவே காரணமாக இருக்கட்டும். வாசலில் கோரிக்கை மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் பெயர் மட்டும் போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, தொலைபேசி எண் கேட்கும் கட்டம் எதுவும் அதில் இல்லை. நன்றி, வணக்கம்.