துகள் கட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா?

நண்பர்களே, வேதியியல்காரனுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று தலைவர் கேட்டார். மருந்தைப் புற்றுநோய்க் கட்டிக்குச் சுமந்து போகவும், கட்டியைப் படத்தில் காட்டவும் மிக நுண்ணிய துகள்களைச் செய்வதுதான் எங்கள் வேலை. ஒரு குடுவையிலிருந்து சொல்கிறேன்.

கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சிட்ரேட்டை ஊற்றுங்கள். வெளிர்மஞ்சள் மறையும், கரைசல் கொஞ்சம் கருக்கும், பிறகு திராட்சை ரசம்போலச் சிவக்கும். நானோ துகள் தயார். அதில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் விட்டால் உடனே நீலமாகிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். இரத்தமும் உப்பு நீர்தானே! எங்கள் துறைக்கு வரும் வேதியியலாளரின் ஆரம்ப வருடங்கள் இந்த நீலத்தைத் தடுப்பதிலேயே கழியும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைத் துகளின் மேல் போர்த்தினால் சிவப்பு நிற்கும். கட்டுரை வரும், பதவி உயர்வும் வரும்.

அப்புறம்தான் உடம்பு தன் கணக்கைக் காட்டும். கட்டிகளின் இரத்தக் குழாய்கள் ஒழுகும், பெரிய மூலக்கூறுகள் அங்கே தங்கிவிடும் என்று 1986-இல் ஜப்பானில் மாட்சுமுராவும் மயேடாவும் காட்டினார்கள். துறையே அந்த ஒழுகலை நம்பி வளர்ந்தது. 2016-இல் டொராண்டோவில் வாரன் சான் குழுவினர் பத்தாண்டுக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். செலுத்தியதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுமதிப்பாக, 0.7 சதவீதம்! பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிவிடுகின்றன.

இதை வைத்துத் துறையே வெத்துவேட்டு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில், டாக்ஸோரூபிசின் என்ற பழைய புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த மருந்து. கட்டியைத் தாக்குவதில் பழைய மருந்தைப் பெரிதாக முந்தவில்லை; ஆனால் இதயத்துக்கு வரும் சேதம் நன்றாகக் குறைந்தது. நோயாளிக்கு அது சின்ன விஷயமா?

மானிய விண்ணப்பங்களில் யாரும் உரக்கச் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. படமெடுக்கும் துகள் இரத்தத்தைவிட்டுச் சீக்கிரம் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு முழுக்கத் தெரியும், கட்டி தனித்துத் தெரியாது. மருந்து சுமக்கும் துகளோ நெடுநேரம் சுற்ற வேண்டும். துகள் சுமார் 5.5 நானோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டிவிடும். டாக்ஸில் குமிழியோ ஏறக்குறைய 100 நானோமீட்டர். ஒரே துகளில் இரண்டையும் செய்கிறேன் என்று மாணவர் வந்து நின்றால், எதை விட்டுக்கொடுக்கப் போகிறாய் என்றுதான் முதலில் கேட்பேன்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. எல்லாக் கட்டிகளும் ஒரே மாதிரி ஒழுகுவதில்லை. ஒரே ஆளின் இரண்டு கட்டிகள்கூட வேறுபடும். இரத்தசோகைக்குக் கொடுக்கும் ஃபெருமாக்ஸிடால் ஓர் இரும்பு ஆக்சைடு துகள், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அதை முதலில் செலுத்தி, எந்தக் கட்டி துகளை உள்ளே இழுக்கிறது என்று பார்த்துவிட்டுக் குமிழி மருந்தைக் கொடுக்கலாம். நோயாளிகளிடம் சிறிய அளவில் சோதித்திருக்கிறார்கள்; துகள் அதிகம் தங்கிய கட்டிகள் மருந்துக்குக் கூடுதலாகச் சுருங்கின. உள்ளே இழுக்காத கட்டி உள்ளவருக்கு, அந்த மருந்தின் பக்கவிளைவையாவது மிச்சப்படுத்தலாம்.