நீரடித்து நீர் விலகாது: பாளையங்கோட்டையில் பேசியது

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, கோர்ட் வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அண்ணாச்சி அவர்களே, பேட்டையிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மகளிர் குழு அக்காமார்களே, மைக்செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம்.

தாயும் தகப்பனும் பிரிந்தபின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொன்னார்கள். சட்டம், ஜீவனாம்சம், பிள்ளையைச் சந்திக்கும் இடம் என மூன்று விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் எங்கள் ஆச்சி சொல்வது ஒன்று: நீரடித்து நீர் விலகாது. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். புருஷன் பெண்சாதி உறவு கோர்ட்டில் முடியலாம், பெற்ற உறவு முடியாது.

1956ஆம் வருஷத்து இந்து இளவர் (அதாவது மைனர்) காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பிள்ளையின் நலன்தான் முதன்மை என்கிறது. 5 வயது முடியாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும் என்பது 6ஆம் பிரிவு. அதை வைத்து, ஆறு வயசானால் அப்பாவுக்குத்தான் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அது தப்பு, அப்போதும் நலனைப் பார்த்துத்தான் முடிவு. சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று அரசுக்கு யோசனை சொல்லும் சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆவது அறிக்கையில், இரண்டு பேரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறைக்கும் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

சரி, எனக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு வயசு. சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் அப்பாவைப் பார்க்கலாம் என்று உத்தரவு. இடம், ஒரு கோர்ட் வராந்தா. ஒரே ஒரு பெஞ்சு, அதிலும் பாதியில் கேஸ் கட்டு. அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருவார், டவுனில் இறங்கி கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு. முதல் நாள் பையன் தொடவே இல்லை. அங்கே எதையும் வாங்கித் தின்னாதே என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் விலங்கு மாட்டிய ஆளை அந்த வழியாகக் கூட்டிப்போக, பையன் பயந்து அப்பா மடியில் ஏறிவிட்டான், அப்புறம் இறங்கவே இல்லை. நேரம் முடிந்ததும் வாழை இலையில் சுற்றிய ஒரு துண்டை டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டான். ராத்திரி துணி துவைக்க எடுத்த அவன் ஆச்சி, "ஏல, பையில என்ன இவ்வளவு நெய்?" என்று கேட்டார். பையன், "அப்பா" என்றான். அவ்வளவுதான். மருமகனோடு மூன்று வருஷம் பேசாத அந்த அம்மா டவுசரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை, "அங்கேயே உட்காந்து தின்னுட்டு வா மக்கா" என்று சொல்லி அனுப்பினார். நீரடித்து நீர் விலகாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். பிள்ளைகள் பெற்றவரைச் சந்திக்க கோர்ட் வராந்தா வேண்டாம். நூலகத்திலோ பள்ளியிலோ சனி, ஞாயிறு ஒரு அறை திறந்தால் போதும். ஒரு பாய், நாலு படப் புத்தகம், தண்ணீர், கழிப்பறை, பார்த்துக்கொள்ள ஒரு அக்கா. வக்கீல் கோட்டும் விலங்கும் கண்ணில் படக்கூடாது. ஜீவனாம்சம் பற்றிப் பேச நேரமில்லை, நம் வழக்கறிஞர்கள் இங்கேயே இருக்கிறார்கள், கேளுங்கள்.

இந்த அறையைக் கேட்டு எழுதிய மனுவை மாவட்ட நீதிபதிக்கும் கலெக்டருக்கும் கொடுக்கப் போகிறோம். வாசலில் மேசைமேல் தாள் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறது. டீ குடிக்கப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள். நீரடித்து நீர் விலகாது. வணக்கம்.