டயாலிசிஸ் முடிந்து தெம்பு வர எவ்வளவு நேரம் ஆகிறது?

எல்லோருக்கும் வணக்கம். டயாலிசிஸ் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். அங்கே தினமும் காதில் விழும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். டாக்டர் ஒவ்வொரு படுக்கையாக வந்து "எப்படி இருக்கீங்க?" என்பார், "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று பதில் வரும். கையில் இரண்டு ஊசி, தலைமாட்டில் மெஷின், பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார், டாக்டருக்கு இன்னும் பத்துப் பேரைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

ஒரு அம்மாவுக்கு ஊசியை எடுத்துவிட்டு ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக ஆபரேஷனில் இணைத்த கை ரத்தக்குழாய்) மேல் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன். சேலைத் தலைப்பு விலகியபோதுதான் இன்னொரு கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாக நகக்கீறல், சிலது காய்ந்தது, சிலது புதுசு. எத்தனை நாளாக என்று கேட்டேன். "மாசக்கணக்கா இருக்கும்மா, ராத்திரி தூக்கமே இல்ல, இதையெல்லாம் கிட்னி டாக்டர்கிட்ட சொல்லலாமான்னு தெரியல" என்றார். யூரியா எந்த அளவு நீங்குகிறது என்று பார்க்கும் கேடி பை வி கணக்கு அவருக்கு 1.2-க்கு மேல்தான் இருந்தது. ஹீமோகுளோபினும் பரவாயில்லை. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த இடைவெளிக்காகத்தான் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள்கள் வந்தன. சிறுநீரக நோயாளிகளுக்கு அதிகம் பயன்படுவது கேடிக்யூஓஎல். ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் ரான் ஹேஸ் குழுவினர் 1994-ல் வெளியிட்டது. அதைச் சுருக்கிய வடிவத்தில் 36 கேள்விகள். முதல் 12 எந்த நோயாளிக்கும் பொருந்தும் பொதுவான உடல், மன நலக் கேள்விகள். அப்புறம் நோய் எவ்வளவு சுமையாக இருக்கிறது என்று 4, அறிகுறிகள் 12, அன்றாட வாழ்க்கையில் என்ன பாதிப்பு என்று 8. அரிப்பு, தசைப்பிடிப்பு, தலைசுற்றல், தண்ணீர்க் கட்டுப்பாடு, பயணம், தாம்பத்தியம், தோற்றம், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற நினைப்பு, எல்லாமே அதில் உண்டு. அமெரிக்காவில் டயாலிசிஸ் மையங்கள் வயது வந்த நோயாளிகளிடம் ஆண்டுக்கொரு முறை இதைக் கேட்டாக வேண்டும்; 2008 விதிமுறைகளுக்குப் பிறகு வந்த வழக்கம் அது. வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். டாப்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு, இந்த மதிப்பெண் குறைந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேருவதும் இறப்பதும் அதிகம் என்று காட்டியிருக்கிறது.

36 கேள்விக்கு நேரமில்லை என்பவர்களுக்கு நான் ஒரே ஒரு கேள்வியைச் சொல்வேன்: "டயாலிசிஸ் முடிந்து பழைய தெம்பு வர எவ்வளவு நேரம் ஆகிறது?" ஆராய்ச்சியிலும் பயன்படும் கேள்விதான் இது. வாரம் மூன்று முறை, தலா 4 மணி நேரம் என்றால் சிகிச்சை 12 மணி நேரம்தான் என்று நாம் கணக்குப் போடுகிறோம். ஒருவர் "வீட்டுக்குப் போய்ப் படுத்தா மறுநாள் காலையிலதான் எழுந்திருப்பேன்" என்கிறார் என்று வையுங்கள், அவருக்கு வாரத்தில் மூன்று நாள் அப்படியே காணாமல் போகிறது, அந்த மூன்று நாளில் வேலை, பிள்ளைகள், சமையல் எதுவும் கிடையாது. இந்த நேரம் நீள நீள உயிராபத்தும் கூடுகிறது என்பதும் டாப்ஸ் தரவுகளில் வந்த விஷயம். இதில் செய்வதற்கும் வழி இருக்கிறது. நீரை வேகமாக இழுக்கிறோமா, நடுவில் பிரஷர் இறங்குகிறதா, நேரத்தைக் கொஞ்சம் நீட்டலாமா, உப்பைக் குறைத்தால் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறும் எடை குறையுமா என்று பார்க்கலாம்.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். ஊசி குத்தும் நானே கேட்டால் என் மனம் நோகாத பதில்தான் வரும். சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர்களுக்குத் தாளை வாசித்துக் காட்ட வேண்டும், அதை வேறு யாராவது செய்யட்டும். கூட வந்த மகனோ மருமகளோ அவர்களுக்குப் பதிலாக நிரப்பித் தருவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வீட்டார் பார்க்கும் கஷ்டம் ஒன்று, அவர் அனுபவிப்பது வேறு. டயாலிசிஸ் வரை வராத, சிறுநீரக நோயின் மூன்றாம் நான்காம் நிலையில் இருப்பவர்களிடம் யாருமே கேட்பதில்லை, அவர்களுக்கும் சோர்வு உண்டு, பயமும் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குப் பொதுவாக மதிப்பெண் நன்றாக ஏறும், ஆனாலும் மாத்திரைகளின் தொந்தரவு இருக்கத்தான் செய்கிறது.

கேட்டுவிட்டுத் தாளை ஃபைலில் செருகி வைப்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். அதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம், ஏனென்றால் அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்ல மாட்டார்.

கையில் நகக்கீறல் இருந்த அந்த அம்மாவுக்கு, அரிப்பைக் கூட்டக்கூடிய பாஸ்பரஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள், வறண்ட தோலுக்குக் களிம்பு கொடுத்தார்கள், டயாலிசிஸ் முடிந்ததும் போட்டுக்கொள்ள குறைந்த அளவில் ஒரு மாத்திரையும் சேர்த்தார்கள். அரிப்பு முழுசாகப் போகவில்லை. ஆனால் அடுத்த தடவை தாளை நிரப்பியபோது, 'மிக மிகத் தொந்தரவு' என்ற கட்டத்தில் இருந்த டிக் இரண்டு கட்டம் தள்ளி விழுந்திருந்தது. சரி, இனி நீங்கள் கேளுங்கள்.