கரண்ட் கம்பி நம் செல்லை என்ன செய்யும்?

(திரையில்: உயர் அழுத்த மின்கோபுரம், சற்றுத் தள்ளி ஒரு வீடு)

உயர் அழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் குடியிருந்தால் புற்றுநோய் வருமா? வரும் என்று ஒரு கட்சி, வரவே வராது என்று ஒரு கட்சி. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் இரண்டு பேரும் பேச மாட்டார்கள். நாம் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கரண்ட் ஓடும் கம்பியைச் சுற்றி இரண்டு புலங்கள் இருக்கும். வோல்டேஜால் வருவது மின்புலம். சுவரும் மரமும் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஓடும் கரண்டின் அளவைப் பொறுத்து வருவது காந்தப்புலம். அது சுவரையும் நம்மையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் சண்டை எல்லாம் காந்தப்புலத்தைப் பற்றித்தான்.

இதைக் "கதிர்வீச்சு" என்று எக்ஸ்ரேயோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அது சரியில்லை. எக்ஸ்ரே டிஎன்ஏவை உடைப்பது அதன் ஒவ்வொரு ஃபோட்டானிலும், அதாவது ஒளித் துகளிலும், உள்ள ஆற்றலால். நம் கரண்ட் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸ்; அதில் அந்த ஆற்றல், உடல் சூட்டில் மூலக்கூறுகள் சும்மா ஆடிக்கொண்டிருக்கும் ஆற்றலில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது.

சரி, வேறு வழி உண்டா? உண்டு.

(திரையில்: ஒரு நரம்பு செல், அதன் சவ்வு பெரிதாகிறது)

மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உடலுக்குள் மின்புலத்தைத் தூண்டும்; பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான். 100 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) புலத்தில் நின்றால் அந்த மின்புலம் மீட்டருக்குச் சில மில்லிவோல்ட் இருக்கும். ஆனால் செல்லின் அகலம் ஒரு மீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், சவ்வில் ஏறுவது ஒரு மில்லிவோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது, அந்தச் சவ்வோ ஏற்கனவே 70 மில்லிவோல்ட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, அது போதாதென்று வெப்பத்தால் அதில் தானாக எழும் இரைச்சலே இதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. சந்தை இரைச்சலில் யாரோ முணுமுணுப்பது எப்படிக் கேட்கும் என்று இயற்பியல்காரர்கள் கேட்பது இதனால்தான்.

அளவை ஏற்றினால் கதை வேறு. 1896-இல் பிரான்ஸின் தார்சோன்வால் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைத்தவர்களுக்குக் கண்ணில் வெளிச்சம் மினுங்குவதைப் பதிவு செய்தார். விழித்திரை செல்கள் நிஜமாகவே தூண்டப்படுகின்றன. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான மைக்ரோடெஸ்லா வேண்டும். 2010-இல் ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச ஆணையம் பொதுமக்களுக்கு 200 மைக்ரோடெஸ்லா என்று வரம்பு வைத்தது இந்த மாதிரி நரம்பு விளைவுகளை வைத்துத்தான், புற்றுநோயை வைத்து அல்ல. வீட்டுக்குள் சாதாரணமாக இருப்பது 0.1 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி. ஹேர் டிரையரைத் தலையோடு ஒட்டிப் பிடித்தால் சில நூறுகூட வரலாம், ஆனால் ஒரு அடி தள்ளினாலே பெரும்பாலும் போய்விடும்.

இப்போது சோதனைக்கூடம். 2002-இல் வியன்னாவில் மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை 1000 மைக்ரோடெஸ்லாவில், 5 நிமிடம் போட்டு 10 நிமிடம் நிறுத்தி, மறுபடி போட்டு என்று வைத்தபோது டிஎன்ஏ இழைகள் உடைந்ததாகச் சொன்னார்கள். விடாமல் போட்டால் உடையவில்லையாம்! செய்தி உலகம் சுற்றியது. 2005-இல் இன்னொரு குழு அதையே திரும்பச் செய்து பார்த்தது, ஒன்றும் வரவில்லை. இந்தத் துறையில் இது வாடிக்கை.

எனக்குப் பிடித்தது ராடிக்கல் ஜோடி என்ற யோசனை. சில வேதிவினைகளில் ஜோடியில்லாத இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சின்னக் காந்தப்புலம்கூட மாற்றும். பறவைகள் திசை அறிவது இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு சிக்கல்: அந்த ஜோடி உயிரோடு இருப்பதே மைக்ரோ நொடிக் கணக்கில்தான், அதன் கண்ணுக்கு 50 ஹெர்ட்ஸ் புலம் நகராமல் நிற்கிற புலம் மாதிரி. பூமியின் சொந்தப் புலமே இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை மாறும்போது, கம்பி சேர்க்கும் அரை மைக்ரோடெஸ்லா என்ன பெரிதாகச் செய்துவிடும்?

அப்புறம் ஏன் இன்னும் முடிவு சொல்லவில்லை? குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்தான் காரணம். 1979-இல் அமெரிக்காவின் டென்வரில் கிளம்பிய சந்தேகம் இது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2000-இல் பார்த்தபோது, சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளில் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு தெரிந்தது. அப்படிப்பட்ட வீடுகளோ மிகக் குறைவு. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி இதை 2பி, அதாவது "புற்றுநோய் உண்டாக்கலாம்" என்ற பட்டியலில் வைத்தது.

(திரையில்: பிரிட்டன் வரைபடம், பத்தாண்டு வாரியாக இறங்கும் கோடு)

பிரிட்டனில் 2005-இல் வந்த ஆய்வில் கம்பியிலிருந்து 600 மீட்டர் வரை லேசான கூடுதல் தெரிந்தது, அவ்வளவு தூரத்தில் கம்பியின் புலம் ஒரு பொருட்டே இல்லை என்றாலும். 2014-இல் அதே தரவை நீட்டிப் பார்த்தார்கள்: 1960களில் இருந்த கூடுதல் ஆபத்து 2000க்குப் பிறகு காணோம். காந்தப்புலம்தான் காரணமென்றால் அது இப்படி இறங்கியிருக்கக் கூடாது. கம்பிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யார் என்பது காலப்போக்கில் மாறியிருக்கலாம் என்றுதான் அந்த ஆய்வாளர்களே சந்தேகப்பட்டார்கள்.